நெஞ்சில் நீர் கோத்தால் அஞ்ச வேண்டாம்

(மருத்துவ விழிப்புணர்வு நாளில் ஆற்றிய உரை)

 

"டாக்டர், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடுமாமே?" நெஞ்சுநோய் மருத்துவனாகிய என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இந்த அச்சத்தால் மூச்சு முட்டும்வரை வீட்டிலேயே இருந்துவிடுவோர் உண்டு. அவ்வச்சத்தைப் போக்கவே இன்று பேச வந்தேன்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உள்ளன. அவற்றின் இடையே இயல்பாகச் சில மில்லிலிட்டர் நீரே இருக்கும். காசநோய், நிமோனியா, புற்றுநோய், இதயத் தளர்ச்சி ஆகியவற்றால் அந்நீர் பெருகி நுரையீரலை அமுக்கலாம்.

1761ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர் அவுன்புரூகர், நெஞ்சை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு நோயறியும் முறையை வெளியிட்டார். குடத்தைத் தட்டி நீரின் அளவை அறிவது போன்றது அது. 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. எனினும், நின்ற நிலையில் முன்பக்கமாக எடுக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிய ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் நீர் சேர வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோ 20 மில்லிலிட்டரையும் காட்டிவிடும். தாயின் வயிற்றில் குழந்தையைப் பார்க்கிறோமே, அதே முறைதான். கதிர்வீச்சும் இல்லை, வலியும் இல்லை.

தெளிந்த நீர் திரையில் கறுப்பாகத் தெரியும். நீருக்குள் சிலந்தி வலைபோல் இழைகள் பின்னியிருந்தால் அதுவும் தெரியும். அப்படிப்பட்ட நீர் ஓர் ஊசியில் முழுமையாக வராது. குழாய் பொருத்துவதா, அறுவை சிகிச்சை செய்வதா என்று முன்கூட்டியே சிந்திக்கலாம்.

ஊசி முதுகெலும்புக்குள் போடப்படுவதில்லை. இரண்டு விலா எலும்புகளுக்கு இடையே, கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டிச் செலுத்தப்படுகிறது. இரத்தக் குழாயும் நரம்பும் ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பை ஒட்டி ஓடுவதே காரணம். நுரையீரலும் ஈரலும் எங்கே இருக்கின்றன என்பதைத் திரையில் பார்த்தே இடத்தைக் குறிக்கிறோம். இதனால் நுரையீரலில் ஊசி படும் ஆபத்து குறைகிறது. பிரிட்டிஷ் நெஞ்சுநோய்க் கழகமும் 2010இல் இம்முறையை வலியுறுத்தியது.

ஒன்றை மறவாதீர்கள். நீர் இருப்பதை ஸ்கேன் காட்டும். அதன் காரணத்தைப் பெரும்பாலும் ஆய்வுக்கூடமே சொல்ல வேண்டும். நீரை எடுத்ததும் மூச்சு இலேசாகும். அதனால் நோய் தீர்ந்தது என்று எண்ணி மருத்துவமனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். காசநோய் என்றால் பொதுவாக 6 மாதம் மருந்து உண்ண வேண்டும்; இடையில் நிறுத்தக் கூடாது.

மூச்சிழுக்கையில் விலாவில் குத்தல், விடாத இருமல், படுத்தால் மூச்சுத் திணறல் இருந்தால் காலம் தாழ்த்தாமல் வாருங்கள். ஊசி என்றால், "ஸ்கேன் பார்த்துத்தானே போடுவீர்கள்?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.