புதிய பந்தய சைக்கிள் தேவைதானா?

(தொலைக்காட்சி அரங்கத்தில் வழங்கப்பட்ட உரை)



'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. பந்தயத்தில் பின்தங்கியதும் பழைய சைக்கிளைக் குறை சொல்வதும் பல வேளைகளில் அப்படித்தான். ஆனால், கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதும் உண்டு. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஜெலாப்பாங் வட்டாரத்துக்குச் சைக்கிள் புதிதல்ல. ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு அதுவே வாகனம். டயரை மாற்றி, சங்கிலியை மாற்றி, ஒரே சைக்கிளைப் பல்லாண்டு ஓட்டினார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞர் இன்று நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்குப் பயிற்சி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பது சாதாரண பந்தய சைக்கிள். கடையில் மின்னுவது கார்பன் டிரையத்லான் சைக்கிள். விலையோ பல மாதச் சம்பளம். தவணையில் எடுத்தால் வீட்டுச் செலவு இடிக்கும். அவர் என்ன செய்வது?

40 கிலோமீட்டரை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 80 நிமிடம். 32 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 75 நிமிடம். அந்த 5 நிமிடம் எங்கிருந்து வரும்? சமதரையில், அந்த வேகத்தில், ஓட்டுபவரின் பலத்தில் பெரும்பகுதியைத் தின்பது எதிர்க்காற்று. அந்தக் காற்றைப் பெரும்பாலும் தடுப்பது சைக்கிள் அல்ல, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உடல்தான்.

1993 ஜூலையில், ஸ்காட்லாந்து வீரர் கிரேம் ஓப்ரி, ஒரு மணி நேர உலகச் சாதனைக்காக நார்வேக்குச் சென்றார். புதிதாகச் செய்து கொடுத்த சைக்கிளில் முதல் நாள் தோற்றார். மறுநாள், சலவை இயந்திரத்தின் பேரிங்கைப் போட்டுத் தம் கையாலேயே செய்த பழைய சைக்கிளில் ஏறி, 51.596 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். கைகளை நெஞ்சுக்கடியில் ஒடுக்கிக் குனிந்த அந்த அமர்வுதான் அவருடைய ஆயுதம்.

ஆனால் கருவி வீண் என்று அர்த்தமல்ல. இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் 1996-இல் நவீன சைக்கிளில், கைகளை முன்னே நீட்டிப் படுத்தவாறு 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். 2000-இல் பழைய முறைச் சைக்கிளில் ஓட்டியபோது 49.441 தான். எடி மெர்க்ஸ் 1972-இல் எட்டிய 49.431-ஐ விட வெறும் 10 மீட்டர் அதிகம்!

ஆகவே, முதல் செலவு அமர்வுக்கு. இருக்கையின் உயரத்தையும் கைப்பிடியின் தூரத்தையும் விவரம் தெரிந்தவரிடம் சரிசெய்துகொள்ள வேண்டும். முழங்கை ஊன்றும் கைப்பிடியை இருக்கும் சைக்கிளிலேயே பொருத்தலாம். நல்ல டயரும் தேய்ந்த சங்கிலிக்கு மாற்றும் அடுத்த செலவு. பிறகு ஒரே சாலையில் சில வாரங்கள் நேரத்தைக் குறித்துப் பார்த்தால், முன்னேற்றம் நின்றுவிட்டதா என்பது தெரியும்.

கலந்துகொள்ளும் போட்டியையும் கவனிக்க வேண்டும். லங்காவியில் 2000-இல் தொடங்கிய அயர்ன்மேன் போன்ற 180 கிலோமீட்டர் தனி ஓட்டத்தில் டிரையத்லான் சைக்கிள் பலன் தரும். அடுத்தவர் பின்னால் ஒட்டி ஓட்டலாம் என்ற விதியுள்ள ஒலிம்பிக்கில் அதற்கு இடமே இல்லை. லாரிகள் ஓடும் சாலையில், கூட்டமாகச் செல்லும்போது, பிரேக்கை விட்டு முழங்கையில் சாய்வது ஆபத்து.

சட்டத்தில் விரிசலா, உடலுக்குப் பொருந்தாத அளவா? அப்போது தயங்காமல் மாற்றுங்கள். மற்றபடி, விரலுக்கேற்ற வீக்கமே நல்லது. கடன் வாங்காமல், சேமித்த பணத்தில், வீட்டாரைக் கேட்டு வாங்கும் சைக்கிள்தான் மனப்பாரம் இல்லாமல் ஓடும்.