காசல்ரீக் கரையில் ஓடும் கால்கள்

(நூற்றாண்டு விழாப் பொதுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழா மேடையில் ஓட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது செயற்குழுவில் சிரிப்பு எழுந்தது. "விளையாட்டு விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் ஒரு அக்கா. நாங்கள் சொல்ல வந்தது விளையாட்டு விழாவில் சொல்லக்கூடிய விடயம் அல்ல. அதனால்தான் பிடிவாதமாக இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினோம்.

நாங்கள் ஏழு பேர். எல்லோரும் இந்தப் பாடசாலையின் பிள்ளைகள்தான். மூத்தவர் அறுபதைத் தாண்டிய, ஓய்வு பெற்ற ஆசிரியை. இளையவர் உயர்தரம் முடித்து இரண்டு வருடமாகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலேறி ஹட்டனுக்குப் போகிறோம். அங்கிருந்து டிக்கோயா வரை பஸ். பிறகு காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையோரமாகத் தோட்டப் பாதைகளில் ஓடுகிறோம். ஓடுகிறோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஏற்றத்தில் நடை, சமதரையில் ஓட்டம், இறக்கத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வது, இவ்வளவுதான்.

நாவலப்பிட்டிக்கு ரயில் வந்தது 1874 இல். ஹட்டனை அது தொட்டது 1884 இல். இடையில் உள்ள அந்த மலைக்கு இருப்புப் பாதைக்கே பத்து வருடம் பிடித்திருக்கிறது! நம் ஊர் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஹட்டனோ 1,200 மீற்றருக்கு மேல். கலபொட, வட்டவளை, ரொசல்ல என்று ஜன்னலில் மலைகள் வந்துபோக, காது ஒருமுறை அடைத்துத் திறக்கும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிலிருந்து வரும் எங்கள் தங்கச்சி ஒருத்திக்கு முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். நாவலப்பிட்டியில் தங்கிவிட்ட எங்களுக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை. இந்த ஊரில் பிறந்ததற்கு ஒரு இலாபம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

காசல்ரீ இயற்கையான ஏரி அல்ல. கெசல்கமு ஓயாவை மறித்து அணை கட்டி, 1965 இல் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நீர்மின்சாரத்தைப் பற்றிப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார். பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் புகுந்து நின்றதால் அதன் கரை விரித்து வைத்த கையைப் போல இருக்கிறது. எதிர்க்கரையில் காயப்போட்ட சேலையின் நிறம்கூடக் கண்ணுக்குத் தெரியும். அங்கே போய்ச் சேர ஒரு விரலை முழுதாகச் சுற்றிவர வேண்டும். வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து நேரம் கணக்குப் போடுகிறவர்கள் அங்கே ஏமாந்து போவார்கள். கரையில் 1878 இல் கட்டிய வார்லி தேவாலயம் நிற்கிறது. வானம் தெளிந்த காலையில் சிவனொளிபாதமலை தண்ணீரில் விழுந்து கிடக்கும். பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரமே இருக்கிறது. வரட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே வரும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும்.

இந்தப் பாதைகளை யார் வெட்டினார்கள் என்று இந்தச் சபைக்குச் சொல்லத் தேவையில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டார் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். அந்தத் தேயிலையைத் தொழிற்சாலைக்கும் சந்தைக்கும் கொண்டுபோகக் கல்லைப் புரட்டிப் பாதை போட்டவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். இன்று அந்தப் பழைய பாதைகளை இணைத்து 'பெக்கோ ட்ரெயில்' என்று 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். 22 கட்டங்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி கலஹா, லூல்கந்துர வழியாகப் போய், கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று மலையகத்தைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. வெளிநாட்டுக்காரர் முதுகில் பையோடு நடந்து போகிறார்கள். நல்ல விடயம்தான், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அதே பாதையில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் பெண்ணின் மகள் பொழுதுபோக்காக ஓடி நாம் பார்த்திருக்கிறோமா?

முதல் தடவை நாங்கள் ஓடியபோது தேயிலை மலையிலிருந்து ஒரு பாட்டி கேட்டார்: "என்ன புள்ளைகளா, யாரு தொரத்துறது?" சும்மாதான் ஓடுகிறோம் பாட்டி என்றோம். "சும்மாவா?" என்று அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. காலையில் பிரட்டுக்குப் போய், பகலெல்லாம் மலையில் நின்று, 18 கிலோ 20 கிலோ என்று கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறவருக்குச் சும்மா ஓடுவது சிரிப்பாகத்தான் இருக்கும். அவருடைய கால்களுக்கு இருக்கும் பயிற்சி எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் இல்லை. மழையில் வழுக்கும் இறக்கத்தில் எப்படிக் கால் வைப்பது என்று அவரிடம்தான் கற்றோம். எட்டி வைக்கக் கூடாது. முழங்காலைச் சற்று மடக்கி, சின்னச் சின்ன அடியாக, குதிக்காலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் பதித்து இறங்க வேண்டும். காணைத் தாண்டும்போது தண்ணீரைப் பார்க்கக் கூடாது, கால் போய் நிற்க வேண்டிய கல்லைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பயிற்சிப் புத்தகத்தில் இதே விடயத்தைப் படங்களோடு போட்டிருந்ததைப் பார்த்தோம்.

ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எல்லாவற்றிலும் மோசமானது குளவி. கூடு கலைந்துவிட்டால் ஓடவும் முடியாது. அதனால் தோட்டத்து ஆட்களிடம் விசாரிக்காமல் எந்த மலைக்குள்ளும் போவதில்லை. சிறுத்தை நடமாடும் இடங்கள் உண்டு, விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் புறப்படுவோம். வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. தென்மேல் பருவமழை தொடங்கினால் மண்சரிவுப் பயம் இருப்பதால் மே மாதத்திலிருந்து ஓட்டத்தை நிறுத்திவிடுவோம். அட்டைக்கு மேஸின்மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வது பழைய வைத்தியம், இன்றைக்கும் அதுதான் வேலை செய்கிறது.

பெண்களால் நீண்ட தூரம் ஓட முடியாது என்பது தோட்டத்தில் மட்டும் சொல்லப்பட்ட கதை அல்ல. 1928 இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களை முதன்முதலாக 800 மீற்றர் ஓடவிட்டார்கள். முடிவில் சிலர் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்து எழுத, அந்தப் போட்டியே நீக்கப்பட்டது. அது திரும்பி வர 1960 ஆனது. பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984 இல்தான். இந்தச் சங்கத்தில் பலருக்கு அப்போது கலியாணமே முடிந்திருந்தது!

இனி நேபாளத்து மீரா ராய். போஜ்பூர் மலைக் கிராமத்துப் பெண். பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, சந்தைக்கு அரிசி மூட்டை சுமந்தவர். பதின்ம வயதில் வீட்டைவிட்டுப் போய் மாவோயிஸ்டுகளுடன் சேர்ந்து, போர் முடிந்தபின் கையில் எதுவுமில்லாமல் நின்றவர். 2014 இல் காத்மண்டு அருகே நடந்த 50 கிலோமீற்றர் மலை ஓட்டத்தில், தகுந்த உடையோ கையில் சாப்பாடோ இல்லாமல் கலந்துகொண்டு வென்றார். அடுத்த வருடம் பிரான்சில் மொன் பிளாங் 80 கிலோமீற்றரில் முதலாவதாக வந்தார். இப்போது மற்றக் கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பயிற்றுகிறார். சுமை தூக்கிய கால்கள் அவருடையவை. அப்படிப்பட்ட கால்கள் நம் தோட்டங்களில் எத்தனை ஆயிரம் இருக்கின்றன.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறோம். பாடசாலையின் விளையாட்டுப் பதிவுகளை நாங்கள் புரட்டிப் பார்த்தோம். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கிற பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போகிறார்கள். ஏன் என்று பிள்ளைகளிடமே கேட்டோம். சப்பாத்து இல்லை. பயிற்சி முடிந்தால் கடைசி பஸ் போய்விடும். மாதவிலக்கு நாட்களில் மாற்றிக்கொள்ளப் பாடசாலையில் ஒழுங்கான இடமில்லை. பெரிய பிள்ளையான பிறகு அம்மா விடமாட்டார். இந்த நான்கில் முதல் மூன்றும் காசு கொடுத்தால் தீரும். நான்காவதுக்கு வீடு வீடாகப் போக வேண்டும், அதை நாங்கள் ஏழு பேரும் பொறுப்பெடுக்கிறோம்.

நூற்றாண்டு நினைவாக வாசலில் ஒரு வளைவு கட்டுவதென்று முன்மொழிவு வந்திருக்கிறது. வளைவு அழகாக இருக்கும். அந்தப் பணத்தின் ஒரு பங்கையாவது ஒதுக்கினால் முப்பது பிள்ளைகளுக்குச் சப்பாத்து, ஒரு உடைமாற்றும் அறை, பயிற்சி நாட்களில் கலபொடவரை பிள்ளைகளை இறக்கிவிட ஒரு வான். வளைவா, பிள்ளைகளா என்று சபையைப் பிரிக்க நாங்கள் வரவில்லை. வளைவைச் சற்றுப் பதிவாகக் கட்டலாமே என்றுதான் கேட்கிறோம். பிற்பகல் கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. சாப்பிட்டவுடன் ரயிலைப் பிடிக்க ஓடிவிடாமல் இருந்து கை உயர்த்திவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எங்களோடு ஓட விரும்புகிறவர்கள் வாசலில் உள்ள கொப்பியில் பெயர் எழுதுங்கள், வயது எழுதத் தேவையில்லை. அடுத்த ஓட்டம் தைப்பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் அம்மாமாரின் சம்மதத்தோடு முதல் தடவையாக வருகிறார்கள். ஒரு அம்மா தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேஸ் இரண்டு சோடி கொண்டு வாருங்கள், சவர்க்காரம் நாங்கள் கொண்டு வருகிறோம்.