நம் வளவுகளின் வாழ்நிலை
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நமக்கு முன் பேசியவர்கள் அதனைச் சிறப்பாகச் செய்துவிட்டார்கள். ஆகவே, வளராத பகுதியைப் பற்றிச் சிறிது நேரம் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறோம். பட்டம் பெற்றவர்களின் படங்கள் இம்மலரில் அச்சாகின்றன. எட்டாம் வகுப்போடு நின்றவர்களின் படங்களை எந்த மலரும் அச்சிடுவதில்லை. அவர்கள் இன்று இக்கூட்டத்திற்கும் வரவில்லை. தறிக்குச் சென்றிருப்பார்கள்.

வறுமை நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் கதையாகச் சொல்வார்கள். 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள் தொகை 19 லட்சத்து 66 ஆயிரத்திற்கு மேல். பத்தாண்டு கழித்து 1881-இல் எண்ணியபோது 16 லட்சம்கூட நிறையவில்லை. இடையில் வந்தது 1876 முதல் 1878 வரையிலான பஞ்சம். மாண்டவர் யார், ஊரைவிட்டு ஓடியவர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ? நிலமும் குதிரும் இல்லாதவர்களே முதலில் போனார்கள். 1925-இல் இராஜாஜி நமக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியதற்கும் இப்பகுதியின் வறட்சி ஒரு காரணம். மழை பொய்த்த சீமையில் இராட்டை கால்வயிற்றுக் கஞ்சியேனும் தருமே என்ற எண்ணம் அதில் இருந்தது.

ஆனால் பஞ்சம் மட்டுமே நம் வறுமையின் காரணம் என்றால், மழை பெய்தவுடன் அது நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. ஏன் என்பதை நம் முன்னோர் செய்த தொழிலைக் கொண்டே விளக்கலாம்.

கவலை இறைத்த காலத்தை இங்குள்ள முதியோர் அறிவர். கிணற்று மேட்டில் மாடுகள் பின்னுக்கு வந்து முன்னுக்குப் போகும். சால் நிறைந்து மேலே வரும். சாலின் அடியில் கட்டிய தோல் தும்பியின் வழியாக நீர் வாய்க்காலில் பாயும். அந்தத் தும்பியும், மாட்டைப் பூட்டும் வாரும் நம்மவர் கைவேலை. செத்த மாட்டைச் சுமந்து வந்து, தோலை உரித்து, சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் களைந்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் பதப்படுத்தி, அளவு பார்த்துத் தைத்துக் கொடுத்தார்கள். அதற்குக் கூலியாக அறுவடையில் களத்து மேட்டில் நின்று கம்போ சோளமோ வாங்கினார்கள். அளந்தவர் கொடுத்ததே அளவு. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நம் தோல் தும்பியின் வழியாக வந்த நீரை வயல் ஏற்றது, மாடு குடித்தது, பண்ணாடியும் கை கால் கழுவினார். அதே கிணற்றில் நம் வீட்டுக் குடம் மட்டும் இறங்கக் கூடாது! பொதுக் கிணறும் குளமும் சாலையும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். அந்தத் தீர்மானம் நம் வளவுக்கு நடந்து வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை உங்கள் அனுபவத்திற்கே விட்டுவிடுகிறோம்.

பின்னர் ஆயில் இஞ்சின் வந்தது; மின்சார மோட்டார் வந்தது. மாட்டின் கழுத்திலிருந்து நுகம் இறங்கியது. நல்லதுதான், அதனைக் குறை கூறமாட்டோம். ஆனால் கிணறு உடையவருக்குக் கிணறும் நிலமும் மிஞ்சின. தும்பி தைத்தவருக்கு ஊசியும் உளியும் மிஞ்சின. களத்து மேட்டுத் தானியம் நின்றது. தொழில் போன பிறகும் தொழிலால் வந்த இழிவு மட்டும் போகவில்லை. இன்றும் மல்லசமுத்திரத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் பருத்தி ஏலம் நடைபெறுகிறது. அங்கே வந்திறங்கும் மூட்டைகளில் நம்மவர் கை எடுத்த பருத்தி எவ்வளவு, நம்மவர் பெயரில் விற்கும் மூட்டை எவ்வளவு? ஏல நாளில் ஒரு நாழிகை நின்று பார்த்தால் போதும்.

தொழில் இழந்தவர் பண்ணையாள் ஆனார். பண்ணையம் குறைந்தபோது தறிக்குச் சென்றார். கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்று பள்ளியில் நாம் கற்பிக்கிறோம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் 'பாக்கி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேளுங்கள். பிள்ளைக்குக் காது குத்து, பெண்ணுக்குச் சீர், தாய்க்கு வைத்தியம் என்று ஒரு தொகையை முதலாளியிடம் முன்பணமாக வாங்குகிறார்கள். வட்டி இல்லை. அதனால் அது கடனைப் போலத் தோன்றுவதும் இல்லை. ஆனால் அது தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் அடுத்த முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆளும் பாக்கியும் சேர்ந்தே கை மாறுகின்றன. நமக்குள் ஒரு கசப்பான உண்மையையும் ஒப்புக்கொள்வோம். நம் இளைஞர் சிலர் பெரிய பாக்கியைப் பெருமையாகவே பேசுகிறார்கள். தம்மை நம்பி இவ்வளவு கொடுத்தார்களே என்ற பெருமை அது. வங்கி நம்மை நம்பாதபோது அந்தப் பெருமையை முற்றிலும் பழிக்கவும் மனம் வரவில்லை.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓலைக் குடிசைகள் தொகுப்பு வீடுகள் ஆயின. அக்காலத்தில் கட்டிய பலவற்றில் இன்று கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. தந்தைக்குக் கிடைத்த ஓர் அறையில் இரு மகன்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த அறையில்தான் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்க வேண்டும். மதுவே எல்லாவற்றிற்கும் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவாரும் உண்டு. 1937-இல் இந்தியாவிற்கே வழிகாட்டியாக மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். மதுக்கடையின் தீமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் குடிக்காதவர் வீட்டிலும் பாக்கி இருக்கிறது.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். வட ஆப்பிரிக்காவில் எகிப்து நாட்டின் தலைநகரான கெய்ரோவில் செப்பாலீன் என்று அழைக்கப்படும் மக்கள் உள்ளனர். நைல் நதியின் தென்பகுதிக் கிராமங்களிலிருந்து 1940-களில் பிழைப்புத் தேடி வந்த ஏழை உழவர்கள் அவர்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர். வீடு வீடாகக் குப்பை எடுத்து, முகட்டம் மலையடிவாரத்தில் தம் குடியிருப்பிலேயே கொட்டித் தரம் பிரித்து, எச்சிலைக் கொண்டு பன்றி வளர்த்துப் பிழைத்தார்கள். 2003-இல் நகரத் துப்புரவு வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குத்தகையாகச் சென்றது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் அச்சத்தால் நாட்டின் பன்றிகள் அனைத்தையும் கொல்ல அரசு ஆணையிட்டது. அவர்கள் வளர்த்த பன்றிகள் போயின. தெருக்களில் குப்பை குவிந்தது. நகரம் அப்போதுதான் அவர்களை நினைத்தது. நகராட்சிகளில் துப்புரவுப் பணி செய்யும் நம் உறவினரை இச்செய்தி நினைவூட்டுகிறது. தூய்மை வேண்டும், தூய்மை செய்பவர் பக்கத்தில் வேண்டாம் என்பது கடல் கடந்தும் ஒரே வழக்கமாக இருக்கிறது.

இனி நம் சங்கத்தைப் பற்றி. 1920-களில் சென்னையில் அருந்ததியர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்திய எல்.சி. குருசாமி, பகலெல்லாம் உழைத்த பிள்ளையைத் தேடி இரவில் பள்ளியைக் கொண்டுபோனார். நாமோ தேர்ச்சி பெற்ற பிள்ளையைத் தேடிப் பரிசைக் கொண்டுபோனோம். இருபத்தைந்து ஆண்டுகளாக முதல் மதிப்பெண் பெற்றவர் பட்டியல் நம்மிடம் ஒழுங்காக இருக்கிறது. இடையில் நின்றவர் பட்டியல் ஓராண்டுக்குக்கூட இல்லை. இக்குற்றத்தில் எமக்கும் பங்கு உண்டு.

கதவு திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வும் தீர்ப்பளித்தது. பள்ளியில் மதிய உணவோடு 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. வெறும் வயிற்றோடு வகுப்பில் மயங்கிய நம் தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கல்லூரியில் இடம் இருந்து என்ன பயன், பதினான்கு வயதில் பிள்ளை தந்தையின் பாக்கிக்காகத் தறி முன் நின்றுவிட்டால்?

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன், ஒவ்வொரு வளவிலும் இருவர் வீதம் வீடு வீடாகச் செல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் யார், அவர் வீட்டில் பாக்கி எவ்வளவு, எந்தத் தறியில் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். விழாவிற்கென வசூலித்த தொகையில் மிச்சம் இருப்பதாகப் பொருளாளர் கூறினார். அதனைக் கட்டடத்தின் முகப்புக்குச் செலவிடாமல், அந்த நோட்டில் முதலில் வரும் சில பிள்ளைகளின் விடுதிச் செலவிற்கு ஒதுக்குங்கள். முகப்பு அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும். நோட்டை நாமே வாங்கி வந்திருக்கிறோம். மேசையின் மீது இருக்கிறது. செல்ல விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் தம் பெயரையும் வளவையும் அதில் எழுதிவிட்டுப் போகலாம்.