குறட்டை விடும் பிள்ளை



தூக்கக் குறைபாடு உடலையும் நடத்தையையும் எப்படிப் பாதிக்கிறது என்பது இக்கருத்தரங்கின் பொருள். பரந்த பொருள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

“நல்லா அசந்து தூங்குறான் டாக்டர், குறட்டை அடுத்த ரூமுக்குக் கேக்கும்” என்று பெருமையோடு சொல்லும் பெற்றோரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளை தூங்குவதைக் கைப்பேசியில் எடுத்து வரச் சொல்லுங்கள். வாய் பிளந்திருக்கும். கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுத்திருப்பான். வயிறு எழும்பும்போது நெஞ்சு உள்ளே இழுக்கும். குறட்டை சட்டென்று நிற்கும். சில நொடி சத்தமே இராது. பிறகு உடம்பு தூக்கிப்போட, திணறிக்கொண்டு மூச்சு திரும்பும். மூக்குக்குப் பின்னால் வளர்ந்த அடினாய்டு சதையும் பெருத்த டான்சிலும் மூச்சுப்பாதையை நெருக்குகின்றன. அடைப்பின்போது பல முறை மூளை அவனை அரைகுறையாக எழுப்பித்தான் மூச்சை மீட்கிறது. இரவில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

இப்படிக் கலைந்த உறக்கத்தால் சில பிள்ளைகளுக்கு எடை ஏறுவதில்லை; சிலர் படுக்கையை நனைக்கிறார்கள்; சிலருக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது. நடத்தையில் வரும் மாற்றம்தான் நம்மைத் திசைதிருப்புகிறது. தூக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார். பிள்ளையோ பெரும்பாலும் ஓரிடத்தில் உட்காரமாட்டான், எரிந்து விழுவான், பாடத்தில் கவனம் நிற்காது. அவனுக்குத் தூக்கம் போதவில்லை என்று யாருக்குத் தோன்றும்? வால், மக்கு என்று பெயர் வாங்கிவிடுகிறான். அந்தப் பெயர் எளிதில் போவதில்லை.

1976இல் ஸ்டான்ஃபோர்டில் மருத்துவர் கிறிஸ்டியன் கில்மினோ எட்டுக் குழந்தைகளிடம் இந்த உறக்க மூச்சுத்தடையை விவரித்தார். 1998இல் மருத்துவர் டேவிட் கோசால், படிப்பில் மிகவும் பின்தங்கிய 297 முதல் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தார். 54 பேருக்கு உறக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. அவர்களில் டான்சிலையும் அடினாய்டையும் அகற்றும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 24 பேரின் மதிப்பெண்கள் அடுத்த ஆண்டு உயர்ந்தன. செய்துகொள்ளாதவர்களிடம் அந்த உயர்வு இல்லை.

ஆனால் உடனே கத்தியை எடுத்துவிட வேண்டாம். 2013இல் வெளியான, 464 பிள்ளைகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், அறுவைக்குப் பின் நடத்தையும் உறக்கமும் தெளிவாகச் சீரடைந்தன; கவனத்தைச் சோதிக்கும் தேர்வில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவை இன்றிக் காத்திருந்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்கு ஏழு மாதத்தில் உறக்கப் பரிசோதனை இயல்புக்குத் திரும்பியது. துறுதுறுப்பு எல்லாவற்றுக்கும் குறட்டை காரணமும் இல்லை. எந்தப் பிள்ளைக்கு அறுவை, எந்தப் பிள்ளைக்குப் பொறுத்திருத்தல் என்பதை இந்த இரண்டு நாளில் நாம் தீர விவாதிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் விவாதம் இன்றியே இன்று ஏற்கலாம். கவனக்குறைவு என்று வரும் பிள்ளைக்கு மருந்துச்சீட்டு எழுதுமுன், அவன் இரவில் எப்படித் தூங்குகிறான் என்று கேளுங்கள். தூக்க ஆய்வுக்கூடம் இல்லாத ஊரிலும் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். பெற்றோர் கையில் கைப்பேசியும் இருக்கிறது.

முதல் அமர்வை ஆசிரியர்களுக்கு ஒதுக்கும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். பகலில் அந்தப் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள். அவர்கள் பேசி முடித்த பிறகு நம் கேள்விகளை வைத்துக்கொள்வோம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.