சத்தமில்லாத ரைஃபிளுக்கு என்ன ஸ்கோப்?

போன எபிசோடில் ஏர் ரைஃபிள் வாங்குவது பற்றிப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "என்கிட்ட இருக்கிறது பவர் கம்மியான ரைஃபிள், சத்தமும் பெரிசா வராது, இதுக்கு என்ன ஸ்கோப் போடலாம்?" ஒரு நேயர் கூடவே, "சின்ன ரைஃபிள்தானே, சும்மா மலிவா ஒண்ணு சொல்லுங்க சார்" என்று எழுதியிருந்தார். இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்த ஒரு வரிக்கான பதில்தான்.

முதலில் பவர் கம்மி என்றால் எவ்வளவு? 0.177, அதாவது 4.5 மில்லிமீட்டர் குழல். அரை கிராம் எடையுள்ள பெல்லட். அது வாயிலிருந்து வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 5.6 ஜூல். நம் நாட்டில் 2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி 20 ஜூலைத் தாண்டினாலோ, குழல் 0.177-ஐ விடப் பெரிதாக இருந்தாலோதான் உரிமம் வேண்டும். நாம் பேசுவது அந்த எல்லைக்கு ரொம்பக் கீழே. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். இந்த பெல்லட் அதில் பாதி வேகம்கூட இல்லை. அதனால்தான் அந்த 'படார்' கிடையாது. ஸ்பிரிங் அடிக்கிற 'டப்' சத்தமும், தகர டப்பாவில் பட்ட சத்தமும்தான் கேட்கும்.

இந்த மாதிரி ரைஃபிளுக்கு வேலை 8 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கடையில் கிடைக்கிற பெரும்பாலான ஸ்கோப்புகள் 100 கெஜத்தை மனசில் வைத்துச் செய்தவை. கிட்டத்தில் பார்க்க அவை செய்யப்படவில்லை.

பாரலாக்ஸ் என்று ஒன்று உண்டு. காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடாமீட்டரைப் பாருங்க. ஓட்டுகிறவருக்கு 60-ல் இருக்கிற முள் நமக்கு வேறு எண் மேல் நிற்கிற மாதிரி தெரியும். முள் ஒரு தளம், எண் இன்னொரு தளம். ஸ்கோப்பிலும் அதே கதைதான். குறுக்குக் கோடும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் இல்லையென்றால், கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே கோடு இலக்கு மேல் நகரும். ரைஃபிள் அசையவே இல்லை, ஆனால் குறி மாறிவிட்டது.

எவ்வளவு மாறும்? 100 கெஜத்துக்கு அமைத்த 4×32 ஸ்கோப்பை 10 மீட்டரில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்குப் போகும்போது பிழை 14 மில்லிமீட்டர் வரை வரலாம். 10 மீட்டர் போட்டி அட்டையில் கறுப்பு வட்டத்தின் மொத்த அகலமே 30.5 மில்லிமீட்டர்தான். நடுவில் வைத்துச் சுட்டது கறுப்பின் ஓரத்துக்கே போய்விடும். ஆள் என்ன நினைப்பார்? ரைஃபிள் சரியில்லை, பெல்லட் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருப்பார். போதாததற்குப் படமும் மங்கலாக இருக்கும்.

அதனால் ஸ்கோப் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது இல்லை. எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பது. 10 கெஜம், அல்லது அதற்கும் கீழே இருக்கணும். முன் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், ஏ.ஓ. என்பார்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பி தூரத்துக்கு ஏற்ற மாதிரி அமைக்கலாம்.

கடையில் ஸ்கோப்பைக் கையில் கொடுத்ததும் எல்லாரும் வாசல் வழியா தெருக்கோடி போர்டைப் பார்க்கிறார்கள். "சூப்பரா தெரியுதுல்ல சார்?" என்பார் கடைக்காரர். தெரியும், தெரியாமல் என்ன! நீங்க திரும்பி, கடைக்குள்ளேயே 10 மீட்டர் தள்ளி மாட்டியிருக்கிற காலண்டரைப் பாருங்க. தேதி தெளிவாக இருக்கா? ஸ்கோப்பை மேஜையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் லேசாக ஆட்டினால் கோடு ஒரே இடத்தில் நிற்குதா? நின்றால் வாங்கலாம்.

அடுத்தது உதை. ஸ்பிரிங் ரைஃபிளின் உதை துப்பாக்கி உதை மாதிரி இல்லை. பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் வரும். பிஸ்டன் போய் முட்டியதும் ரைஃபிள் முன்னால் இழுபடும். பின்னால் வரும் உதையை மட்டும் மனசில் வைத்துச் செய்த ஸ்கோப்பின் உள் பாகங்கள் இந்த முன்னிழுப்பில் தளர்ந்துபோகும். அதனால் ஏர்கன்னுக்கு என்று தெளிவாகப் போட்டிருப்பதையே வாங்குங்க. ஆனால் 6 ஜூல் ரைஃபிளின் உதை சின்னதுதான். 'மேக்னம்' என்று எழுதி இரண்டு மடங்கு விலை சொல்வது நமக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. பி.சி.பி. வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

மவுண்ட் விஷயம் சுருக்கமாக. பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் டவ்டெயில் பள்ளம்தான் இருக்கும், அளந்து பார்த்து வாங்கணும். ஸ்டாப் பின் இருக்கிற மவுண்டாக இருக்கட்டும். இல்லையென்றால் சுடச்சுட ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும்.

எத்தனை மடங்கு? 4 போதும். மாற்றிக்கொள்ளணும் என்று ஆசைப்பட்டால் 2-7×32. 40, 50 மில்லிமீட்டர் முன் கண்ணாடி பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் கண்ணாடி பெரிதாகப் பெரிதாகப் பாரலாக்ஸ் பிழையும் கூடும், மவுண்டையும் உயர்த்தணும். 9 மடங்கில் 10 மீட்டரைப் பார்த்தால் உங்க நாடித்துடிப்புதான் தெரியும்.

ஒரு நேயர் தன் மகளை கிளப்பில் சேர்த்திருக்கிறாராம், ஸ்கோப் வாங்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம். சர்வதேச 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் தொலைநோக்கி ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, துளை வழியா பார்க்கிற சைட்தான். அந்தப் பணத்துக்கு நல்ல பெல்லட் வாங்கிக் கொடுங்க. ஸ்கோப் உண்மையிலேயே உதவுவது என்னை மாதிரி 45 தாண்டியவர்களுக்கு. ஓப்பன் சைட்டில் பின் வெட்டு, முன் முள், இலக்கு என்று மூன்று தூரங்களைக் கண் ஒரே நேரத்தில் சமாளிக்கணும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது முடியாது. ஸ்கோப் எல்லாத்தையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து வைத்துவிடும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. 4 மடங்கு ஸ்கோப்பில் 10 மீட்டர் தூரத்தில் தெரிவது ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம்தான். அதற்கு வெளியே பக்கத்து வீட்டுக் குழந்தை பந்து எடுக்க ஓடி வந்தால் உங்களுக்குத் தெரியாது. சத்தமில்லாத ரைஃபிள் என்பதால், நீங்க சுடுறீங்க என்று அந்தக் குழந்தைக்கும் தெரியாது. 6 ஜூல் கண்ணைப் பறிக்கத் தாராளமாகப் போதும். அதனால் இரண்டு கண்ணையும் திறந்து சுடப் பழகுங்க. இலக்குக்குப் பின்னால் பழைய துணி அடைத்த பெட்டியோ மண் மூட்டையோ இருக்கணும். வெறும் சுவர் கூடாது, பெல்லட் திரும்பி வரும். மொட்டை மாடி என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பறவைகளைக் கேட்டு எழுதியவர்களுக்கு: காட்டுப் பறவையைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு நான் ஸ்கோப் சொல்ல மாட்டேன்.

மாட்டியாச்சு, இனி ஜீரோ செய்வது. 10 மீட்டரில் செய்யுங்க. ஸ்கோப் குழலுக்கு 4 சென்டிமீட்டர் மேலே இருந்தால், நாம் பேசுகிற வேகத்தில், 15 மீட்டரிலும் கிட்டத்தட்ட அதே புள்ளியில் படும். 20 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இறங்கும். வேடிக்கை என்னவென்றால் 5 மீட்டரிலும் அதே அளவு கீழேதான் படும், ஏன்னா பெல்லட் இன்னும் பார்வைக் கோட்டுக்கு ஏறி வரவே இல்லை.

"நாலு கிளிக் திருப்பினேன், ஒண்ணும் மாறலை, ஸ்கோப் டூப்ளிகேட்டா?" என்றும் கேட்டிருந்தார்கள். இல்லை. கால் எம்.ஓ.ஏ. கிளிக் 100 கெஜத்தில் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். 10 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, முக்கால்தான். 2 சென்டிமீட்டர் நகர்த்தணும்னா 27 கிளிக் ஆகும். தைரியமாகத் திருப்புங்க. திருப்பின பிறகு ஐந்து ரவுண்டு சுட்டு, அந்த ஐந்தின் நடுப்புள்ளியைப் பார்த்து அடுத்த தடவை திருப்புங்க. ஒவ்வொரு குண்டுக்கும் திருப்பிக்கொண்டிருந்தால் சாயங்காலம் வரை முடியாது.

பெல்லட் எடை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அது அடுத்த எபிசோடில்.