சம்பந்தத்தால் பெருத்த சமஸ்தானம்



ஜெர்மனி ஒரே நாடாக இணைவதற்கு முன்பு அங்கே குட்டிக் குட்டி அரசுகள் ஏராளம். அவற்றில் ஒன்று கோபர்க். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கழுத்தளவு கடனில் இருந்த அரசு அது.

அந்த வீட்டு மருமகள் அகஸ்டா 1795-இல் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு ரஷ்யாவுக்குப் புறப்பட்டார். மகாராணி காதரைன் தம் பேரன் கான்ஸ்டன்டினுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். மூவரில் இளையவள் ஜூலியானாவை நிச்சயம் செய்தார்கள். கல்யாணத்தின்போது அவளுக்கு வயது 14. மாப்பிள்ளை முரடர். 1801-இல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பியவள் அவரிடம் திரும்பவே இல்லை. ஆனாலும் சம்பந்தம் வீண்போகவில்லை. 1806-இல் நெப்போலியனின் படை கோபர்க்கைப் பிடித்தது. மறு ஆண்டு டில்சிட் உடன்படிக்கையில் நாடு திரும்பக் கிடைத்ததற்கு ரஷ்யாவின் தயவே காரணம். இதைக் குடும்பத்தின் சாமர்த்தியம் என்று மெச்ச எனக்கு மனம் வரவில்லை. விலை கொடுத்தவள் ஒரு சிறுமி.

அவளுடைய தம்பி லியோபோல்ட் 1816-இல் பிரிட்டனின் வருங்கால அரசி சார்லட்டை மணந்தார். அடுத்த ஆண்டே பிரசவத்தில் அவர் இறந்துபோனார். உறவு அதோடு அறுந்துவிடவில்லை. லியோபோல்டின் விதவைத் தமக்கை 1818-இல் கென்ட் கோமகனை மணந்தார். அவர்கள் மகள்தான், நம் ஊர் வெள்ளி ரூபாயில் தலை பொறித்திருந்த விக்டோரியா. அவர் 1840-இல் கைப்பிடித்ததும் தாய்மாமன் மகன் ஆல்பர்ட்டை. இருவரும் பிறந்தது 1819-இல். லண்டனில் மே மாதம் விக்டோரியாவின் பிரசவம் பார்த்த அதே ஜெர்மன் மருத்துவப் பெண்மணிதான், ஆகஸ்டில் கோபர்க் அருகே ஆல்பர்ட்டின் பிரசவத்தையும் பார்த்தார்!

லியோபோல்ட் 1831-இல் பெல்ஜியத்தின் முதல் மன்னரானார். குடும்பத்தின் இன்னொரு பிள்ளை 1836-இல் போர்ச்சுகல் ராணிக்குக் கணவரானார். வேறொருவர் 1887-இல் பல்கேரியாவின் ஆளும் இளவரசரானார்.

இத்தனைக்கும் 1826-இல் கோதா என்ற பகுதியும் சேர்ந்த பிறகுகூட நாட்டின் பரப்பு இரண்டாயிரம் சதுர கிலோமீட்டரை எட்டவில்லை. அதுவும் இரண்டு துண்டாகக் கிடந்தது. அந்தச் சிறுமைதான் இவர்களுடைய மூலதனம் என்பேன். வல்லரசு வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சிம்மாசனம் போனால் மற்ற வல்லரசுகள் வாளை உருவும். கோபர்க் பிள்ளையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? மதமும் குறுக்கே நிற்கவில்லை. லுத்தரன் குடும்பம்தான், ஒரு கிளை கத்தோலிக்கமானது, ஜூலியானா ரஷ்யத் திருச்சபையில் சேர்ந்தாள்.

முதல் உலகப் போர் வந்ததும் பெயரே வினையானது. 1917 ஜூனில் லண்டன்மேல் குண்டு வீசிய ஜெர்மன் விமானங்களுக்குப் பெயர் கோதா. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் பெயரோ சாக்ஸ்-கோபர்க்-கோதா! ஜூலை 17 அன்று ஐந்தாம் ஜார்ஜ் அதை விண்ட்சர் என்று மாற்றினார். கோபர்க்கில் அப்போது ஆண்டவர் விக்டோரியாவின் பேரன் கார்ல் எட்வர்ட். பிரிட்டனில் பிறந்து ஜெர்மனியின் பக்கம் நின்றவர். 1918-இல் பதவி இழந்தார். பிறகு ஹிட்லரின் ஆதரவாளராகிக் குடும்பத்துக்கு நீங்காத கறையைத் தேடித்தந்தார்.

பல்கேரியக் கிளையின் சிமியோன் 1943-இல் ஆறு வயதில் அரசரானார். மூன்றே ஆண்டில் நாட்டை விட்டு வெளியேறினார். பிரிட்டன் கழற்றி எறிந்த அதே கோபர்க்-கோதாப் பெயரோடு அவர் திரும்பி வந்தார். 2001 தேர்தலில் அவர் கட்சி வென்றது. 2005 வரை பல்கேரியாவின் பிரதமராக இருந்தார்.