பெயர்ப்பலகைக்கு எந்த மரம்?

புது வீடு கட்டியதும் வாசலில் மாட்ட ஒரு பெயர்ப்பலகை வேண்டும். அக்ரிலிக், ஸ்டீல், கிரானைட் என்று கடையில் எத்தனை இருந்தாலும், மரத்தில் செதுக்கிய எழுத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். மரக்கடையில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல தேக்கு இருக்கா?" என்பதுதான். விவரம் தெரிந்த ஆசாரி பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பார். பலகை வெயில் மழை படும் இடத்திலா, உள்ளேயா? எழுத்து குழிவாகவா, புடைப்பாகவா? மரத்தின் பெயர் இந்த இரண்டுக்கும் பிறகுதான் வரவேண்டும்.

வெளிவாசல் என்றால் தேக்கைக் குறை சொல்ல முடியாது. அதிலுள்ள எண்ணெய்ப்பசையால் கரையான் எளிதில் அண்டாது. ஈரம் ஏறி இறங்கினாலும் பலகை அதிகம் உப்பாது, சுருங்காது. ஆனால் இந்தப் புகழெல்லாம் வைரம் பாய்ந்த உள்மரத்துக்கே சேரும். பட்டையை ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதி தேக்கானாலும் உளுத்துப்போகும். சாயம் பூசிவிட்டால் வெள்ளை எது, வைரம் எது என்று முகப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பாலீஷ் போடுவதற்கு முன்பே பலகையைத் திருப்பி, பின்பக்கத்தையும் வெட்டு முனையையும் பார்த்துவிடுங்கள்.

"பர்மா தேக்கு" என்ற பெயருக்கு இன்னும் மவுசு இருக்கிறது. மியான்மர் அரசு 2014-லேயே வெட்டிய மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இன்று சந்தைக்கு வருவதில் கானா, ஈக்வடார் நாடுகளின் தோட்டத் தேக்கும் உண்டு. தோட்டத் தேக்கு என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை; நிலம்பூரில் 1840-களில் கலெக்டர் கானலி காலத்தில் நட்டதும் தோட்டத் தேக்குதான். இளம் வயதில் வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. ஆகவே எந்த நாட்டு மரம் என்பதைவிட எவ்வளவு வைரம் என்று கேட்பதே நல்லது.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழ் எழுத்து மரத்தைச் சோதிக்கிற எழுத்து. "கண்ணன் இல்லம்" என்று குழிவாகச் செதுக்க வேண்டும் என்று வையுங்கள். பலகையின் ரேகை கிடைமட்டமாக ஓடுகிறது. 'ண'வின் வளைவுகளுக்கு நடுவே மெல்லிய சுவர் போல மரம் செங்குத்தாக நிற்கும். அந்தச் சுவரில் நார் துண்டு துண்டாகத்தான் இருக்கும். உளி சற்று அழுந்தினால் சுவர் 'டக்'கென்று தெறித்துவிடும். தேக்கில் மென்மையான வரியும் கடினமான வரியும் மாறி மாறி வருவதால் உளி ஒரே சீராக ஓடாது. அதிலுள்ள மணல்சத்து உளியின் கூரையும் சீக்கிரம் மழுக்கும். எழுத்து உள்ளங்கை அளவு இருந்தால் தேக்கு தாங்கும். ஓரங்குலத்துக்கும் கீழே போனால், உள்வாசலுக்கு மஞ்சக்கடம்பு போல நெருக்கமான, சீரான மரமே மேல் என்பது என் கட்சி.

புடைப்பு எழுத்தில் வம்பு செய்வது புள்ளி. சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுத்தபின் அந்தச் சின்னப் பொட்டு தனியாக நிற்கும். அடியில் நார் படுக்கையாக ஓடுவதால், துடைக்கிற துணி பட்டாலே பெயர்ந்துவரலாம். 'கண்ணன்' புள்ளி போனால் 'கணணன' ஆகிவிடுவார்! இதற்கு ஒரு வழி உண்டு. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் துளை போட்டு, அதே மரத்தில் சீவிய குச்சியைப் பசை தடவி அடித்து இறக்கினால், நார் பலகைக்குள் இறங்கி நிற்கும். லேசில் பெயராது.

வேறு மரங்களும் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வாகை, மா, வேம்பு என்று நம் பக்கத்து மரங்களில் அருமையாகச் செதுக்குகிறார்கள். வாகையிலும் வேம்பிலும் ரேகை பின்னிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் இழைத்தால் சிலும்பும். கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுத்தால் அழகாக வரும். மா மரத்தை உளு சீக்கிரம் பிடிக்கும். ஈட்டி மரம் கருமையானது, விலையும் மிக அதிகம். எழுத்துக்கு வெளிர் நிறம் தீட்டாவிட்டால் தெருவிலிருந்து படிக்க முடியாது. எம்.டி.எஃப். பலகையில் சி.என்.சி. இயந்திரம் நேர்த்தியாக வெட்டும். ஆனால் அதை மழையில் மாட்டினால் நனைந்த ரொட்டி போல ஊதிவிடும்.

எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். அதனால் அகலமான ஒரே பலகையைவிட, குறுகலான இரண்டு மூன்றை ஒட்டிச் செய்ததே கோணாமல் இருக்கும். மேலும் கீழும் இறுக்கி முடுக்கினால் நடுவில் விரிசல் விடும். கீழ் ஸ்குரூவுக்கு நீள்துளை போடச் சொல்லுங்கள். சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் தள்ளி மாட்டுங்கள். வார்னிஷோ எண்ணெயோ, முகப்புக்குப் பூசுவதைப் பின்பக்கத்துக்கும் பூசச் சொல்லுங்கள். பூசாத பக்கம் ஈரத்தைக் குடித்தால் பலகை வளைந்துவிடும். அதற்குக் கூடுதலாக ஆகும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.